உபதையும் பொறியும்

குற்றம் புரிந்தான் ஒருவன் 'கையும் களவுமாக' அகப்பட்டான் என்பது தமிழ் மக்கள் நாவில் வழங்கும் தொடர். செய்த கையும் செய்யப்பட்ட களவும் ஒருங்கே கிடைத்தன; இனி ஐயத்திற்கு இடமில்லை என்பது அதன் கருத்து. ஆயின், களவு செய்யுமாறு தூண்டியவனும் களவு கண்டு பிடித்தவனும் ஒருவனே ஆயின், ஆங்கு அகப்பட்டது யாருடைய களவு?

காவல்துறையினர் மாறுவேடம் பூண்டும், மறைவாக ஒளிப்படக் கருவி வைத்தும், பொய்யான வாய்ப்பு ஒன்றனை அமைத்துக் குற்றவாளிகளை வெளிப்படுத்தும் முறை 'ஸ்டிங் ஆபரேஷன்' என்னும் பெயரால் இன்று உலகெங்கும் வழங்குகின்றது. அதனை இக்கட்டுரையிற் 'பொறி' என்று குறிப்போம். முன்னரே உள்ள குற்றத்தைப் பொறியால் வெளிப்படுத்துதல் ஒன்று; குற்றம் கருதாதவனைக் குற்றத்துட் புகுத்திப் பின் அவனையே ஒறுத்தல் மற்றொன்று. பின்னதனை ஆங்கிலச் சட்டநூலார் 'எண்ட்ராப்மெண்ட்' என்பர். நாம் அதனைச் 'சிக்கவைத்தல்' என்போம். இவ்விரண்டற்கும் இடைப்பட்ட எல்லை யாது என்பதே நாம் ஆராயப் புகும் வினா.

இது நீதிமன்றங்கட்கே உரிய வினா, தமிழ் பயில்வார்க்கு இதன்கண் தொடர்பு யாது எனச் சிலர் கருதக்கூடும். திருக்குறளின் 51-ஆம் அதிகாரமாகிய தெரிந்துதெளிதலின் முதற்குறளுக்குப் பரிமேலழகர் வரைந்த உரையைப் பயின்றோர் அவ்வாறு கருதார். அரசன் தன் வினையாளரைப் பொறிவைத்து ஆராயும் முறையினை விரித்துரைக்கும் பழைய தமிழுரைப் பகுதிகளுள் அது தலைசிறந்தது. அவ்வுரை கூறுவதனையும், கூறாது விடுத்ததனையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு இன்றைய நீதிமன்றங்கள் தடுமாறும் இடம் தெளிவாகப் புலனாகும்.

உரை கூறும் நான்கு உபதைகள்

அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கின் திறத்தால் ஒருவனை ஆராய்ந்து தெளிக என்பது குறளின் கருத்து. பரிமேலழகர் இந்நான்கினையும் 'உபதை' என்னும் வடசொல்லாற் குறித்து, ஒவ்வொன்றனையும் நாடகம்போல் விளக்குகின்றார். அறவுபதையில் புரோகிதரும் அறவோரும் வினையாளனிடம் சென்று, அரசன் அறவோன் அல்லன் ஆதலின் அவனை நீக்கி வேறொருவனை அமர்த்த யாவரும் இசைந்தனர் எனச் சூளுறவோடு கூறி, அவன் கருத்தை வினவுவர். பொருளுபதையில் சேனைத்தலைவனும் அவனைச் சார்ந்தோரும் அரசனை ஈயாதவன் என்று பழித்து அவ்வாறே வினவுவர். இன்பவுபதையில், அரசனுரிமையொடு நெடுநாட் பழகிய தவமுதுமகள் ஒருத்தி, உரிமை மகளிருள் ஒருத்தி அவனை விழைந்தாள் என்று தூது உரைப்பாள். அச்சவுபதையில், அமைச்சன் ஒருவன் ஏனையோரைத் தன் இல்லத்திற்கு அழைக்க, அவர்கள் கேடு சூழக் கூடினர் என்று அரசன் காவலிடுவான். அந்நிலையில் உடனுள்ளான் ஒருவன், நம்மைக் கொல்லக் கருதும் அரசனை நாம் முந்திக் கொல்வோம் என்று தூண்டுவான்.

இந்நான்கினும் திரியாதவன் பின்னும் திரியான் என்பது கருத்தளவையால் துணியப்படும் என்பது உரையாசிரியர் முடிபு. இவ்வடநூற் பொருளை உட்கொண்டே வள்ளுவர் கூறினார் என்றும், அதனை அறியாத பிறர் 'உயிரச்சம்' என்பதனை 'உயிரெச்சம்' எனப் பாடந்திரித்துத் தத்தமக்குத் தோன்றியவாறு உரைத்தனர் என்றும் அவர் மறுத்துச் செல்கின்றார்.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். வடமொழியில் தூய்மை காண்டற்குரிய சோதனையைக் குறிக்கும் சொல்லுக்கு வஞ்சகம் என்னும் பொருளும் உண்டு. கையுறை, இலஞ்சம் எனப் பொருள்படும் வேறொரு வடசொல், தகர வருக்கத்து ஒலி வேறுபாட்டால் மட்டுமே இதனின் வேறுபடுவது. தமிழ் எழுத்தில் எழுதுங்கால் அவ்வேறுபாடும் மறைந்து இரண்டும் 'உபதை' என்றே நிற்கும். சோதனை, வஞ்சகம், இலஞ்சம் ஆகிய மூன்றும் ஒரு வரிவடிவில் வந்து கூடுதல் தற்செயலே எனினும், நாம் ஆராயும் பொருளின் இடர்ப்பாட்டினை அது நன்கு நினைவூட்டுகின்றது.

கௌடலியர் விதித்த விலக்கு

அவ்வுரைப்பகுதியில் வடநூலின் பெயர் சுட்டப்பெறவில்லை. ஆயினும், கௌடலியரின் அருத்தசாத்திரத்து முதல் அதிகரணத்துப் பத்தாம் அத்தியாயம் இந்நான்கு உபதைகளையும் கூறுகின்றது. அந்நூல் 1905-இல் ஏட்டுச்சுவடியாக வெளிப்பட்டு, 1909-இல் மைசூரில் சாமசாஸ்திரியாராற் பதிப்பிக்கப்பெற்றது. அதற்கு முன்னர்ப் பரிமேலழகர் உரையைப் பயின்றோர்க்கு மூலத்தொடு ஒப்புநோக்கும் வாய்ப்பு அரிதாயிருந்தது. இன்று நமக்கு அவ்வாய்ப்பு உளது.

ஒப்புநோக்குங்கால் மூன்று செய்திகள் புலனாகின்றன.

முதலாவது, தேறாதவன் எய்தும் பயன். அறவுபதையில் தூயர் எனக் கண்டாரை வழக்காராயும் பணியினும், பொருளுபதையில் தூயரைக் கருவூலமும் வரியும் பற்றிய பணியினும், இன்பவுபதையில் தூயரை மகளிர் உறையும் இடங்களின் காவலினும், அச்சவுபதையில் தூயரை அரசனுக்கு அணுக்கமான பணியினும் அமர்த்துக என்கின்றது வடநூல். நான்கினும் தேறியோர் மந்திரிகள் ஆவர். நான்கினும் வழுவியோர்? அவரைச் சிறையிடுக என்று அந்நூல் கூறவில்லை. சுரங்கம், காடு, யானைக்காடு, தொழிற்சாலை ஆகியவற்றின் பணியில் அமர்த்துக என்றே கூறுகின்றது. எனவே உபதை என்பது ஒறுத்தற்குரிய கருவியன்று. இன்ன பணிக்கு இன்னான் உரியன் எனத் தேர்தற்குரிய கருவியே. தெரிந்துதெளிதலை அடுத்துத் தெரிந்துவினையாடலை வள்ளுவர் வைத்த முறையும் இதனோடு ஒத்து நிற்கின்றது.

இரண்டாவது, இலக்கு. மேற்கூறிய நால்வகைச் சோதனையும் ஆசிரியர் பலர் கொண்ட கொள்கை எனக் கூறிய கௌடலியர், அதன்பின் தம் கொள்கையை வேறாக வைக்கின்றார். அமைச்சர் தூய்மை காண்டற்பொருட்டு அரசன் தன்னையோ தன் தேவியையோ இலக்காக வைத்தல் கூடாது. புறத்தேயுள்ள வேறொன்றனையே இலக்காகக் கொள்ளவேண்டும் என்பது அது. பரிமேலழகர் காட்டும் அறம், பொருள், அச்சம் என்னும் மூன்று உபதைகளினும் இலக்கு அரசனே. வடநூலில் இன்பவுபதையின் இலக்கு பட்டத்தரசி; பரிமேலழகர் உரிமை மகளிருள் ஒருத்தி என்னும் அளவில் நிறுத்துகின்றார். ஆகவே, கௌடலியர் விலக்கிய வடிவிலேயே உபதைகள் தமிழுரையில் இடம்பெற்றுள்ளன; அவர் விதித்த விலக்கு இடம்பெறவில்லை.

மூன்றாவது, விலக்குக்குரிய காரணம். நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது இதுவே. தூய நீரில் நஞ்சு கலப்பதுபோல, கெடாதவனைக் கெடுத்தல் ஆகாது. கெட்டபின் அதற்கு மருந்து கிடையாமற் போதலும் உண்டு. உபதையாற் கலங்கிய உள்ளம், உறுதியுடையார்மாட்டும், தான் கருதியதன் முடிவைக் காணாது மீளாது என்பது கௌடலியர் கருத்து. சோதனை என்பது உள்ளதனைக் காட்டும் கண்ணாடி மட்டுமன்று. இல்லாததனை உண்டாக்கும் விதையும் ஆகலாம் என்பதனை அவர் உணர்ந்திருந்தார். ஒற்றரைப் பலவாறு ஏவுதற்குச் சிறிதும் தயங்காத அரசியல் நூலார் ஒருவரே இவ்வெல்லையினை வகுத்தார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கருத்தளவையின் இரு முகங்கள்

பரிமேலழகர் 'கருத்தளவை' என்றாராதலின், அளவை நெறி நின்று இதனைச் சற்று ஆராய்வோம். நான்கு உபதையினும் திரியாதவன் எதிர்காலத்தும் திரியான் என்பது வலிய அனுமானம். மிக்க விசையினைத் தாங்கிய கயிறு, குறைந்த விசையினைத் தாங்கும் என்பது போன்றது அது. ஆயின், இதன் மறுதலை அத்துணை வலிமையுடையதன்று. உபதையில் திரிந்தவன், உபதை இல்லாவிடினும் திரிந்திருப்பான் எனத் துணிதல் யாங்ஙனம்? வாழ்நாளில் எவனும் எதிர்ப்படாத பெருவிசையால் அறுந்த கயிற்றினை, அன்றாடப் பணிக்கு உதவாத கயிறு என்று கழித்தல் தகுமோ?

எனவே பொறியில் தேறியவனைப் பற்றிப் பொறி கூறுவது மிகுதி. வீழ்ந்தவனைப் பற்றி அது கூறுவது, வைத்த இரையின் அளவையும் வற்புறுத்தலின் அளவையும் பொறுத்தது. இரை இயல்பானதாகவும், வற்புறுத்தல் இல்லாததாகவும் இருப்பின் வீழ்ச்சி அவன் மனவியல்பினைக் காட்டும். இரை அளவிறந்ததாகவும், நட்பும் இரக்கமும் அச்சமும் கருவியாகப் பயன்பட்டனவாகவும் இருப்பின், வீழ்ச்சி வைத்தவன் திறமையினையே காட்டும்.

அமெரிக்காவில் 1978 முதல் 1980 வரை நடுவண் புலனாய்வு அமைப்பினர், அராபியச் செல்வர் ஒருவரின் முகவர்போல் நடித்து, 'அப்ஸ்காம்' எனப்பட்ட பொறியினை வைத்தனர். செனட் அவையினர் ஒருவரும் கீழவையினர் அறுவரும் இலஞ்சக் குற்றத்திற்குத் தண்டனை பெற்றனர். அதே பொறியில் லாரி பிரெஸ்லர் என்னும் செனட் உறுப்பினர் பணத்தினை ஏலாது மறுத்தமை ஒளிப்படத்திற் பதிவாயிற்று. அம்மறுப்பு அவரைப் பற்றிக் கூறுவதில் ஐயத்திற்கு இடமில்லை. வீழ்ந்தோரைப் பற்றிய வழக்குகளிலோ, காவலர் சென்ற எல்லை முறையானதுதானா என்னும் வாதம் நெடுநாள் தொடர்ந்தது. எனினும் தண்டனைகள் நிலைபெற்றன.

முள்ளகற்றலும் அடையாளமிட்ட பொருளும்

உபதை தேர்தற்பொருட்டாயின், ஒறுத்தற்பொருட்டு வைக்கும் பொறி பழையோர்க்கு இல்லையோ எனின், உண்டு. கௌடலியர் நூலின் நான்காம் அதிகரணம் கண்டகசோதனம், அஃதாவது நாட்டின் முள்ளகற்றல் எனப் பெயர்பெறும். மறைவில் தீத்தொழில் புரிந்து வாழ்வார் என ஐயுறப்பட்டாரை ஒற்றரால் ஆராய்தல் அதன்கண் கூறப்படுகின்றது. வழக்காராயும் நடுவரிடம் ஒற்றன் நட்புக்கொண்டு சென்று, என் உறவினன் வழக்கில் அகப்பட்டான், இப்பொருளைப் பெற்று அவனைக் காப்பாயாக என வேண்டுவான். நடுவர் இசைவராயின் நாடு கடத்தப்படுவர். மந்திரம் வல்லார்போல் நடிக்கும் ஒற்றர், தீநெறி நாடும் இளைஞரை மயக்கி, அடையாளமிட்ட பொருள் வைத்த இல்லத்திற் களவு செய்வித்துப் பிடிப்பர். பிடித்தபின் அவர்தம் முன்னைய செயல்களையும் துணைவரையும் வினவுவர்.

ஈண்டு இரண்டு காப்புகள் உள்ளன. ஒன்று, ஐயம் முன்னரே உளதாதல். மற்றொன்று, முன்னைய செயல்களை வினவுதல். பொறியில் நிகழ்ந்த ஒரு களவோடு அமையாது, பொறிக்குப் புறத்தே நிகழ்ந்தவற்றைத் தேடுதல், வீழ்ந்தவன் இயல்பாகவே அந்நெறியினனா என்பதனை அறிதற்கு உதவும். ஆயினும் இக்காப்புகள் முழுமையானவை அல்ல. மந்திரத்தால் கதவு திறக்கும் என்று நம்பி உடன்சென்ற இளைஞன், அந்நம்பிக்கை ஊட்டப்படாவிடின் அவ்வீட்டினுட் புகுந்திருப்பானா என்னும் வினா அவ்வத்தியாயத்தில் எழவே இல்லை. அமைச்சரைக் குறித்துக் கூறிய நஞ்சு நீர் உவமையினைக் கௌடலியர் இளைஞர்மாட்டுக் கொண்டு செல்லவில்லை.

இக்கால நீதிமன்றங்கள்

கௌடலியர் விடுத்த இடத்திலேயே இக்கால நீதிமன்றங்கள் தொடங்குகின்றன. அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவிய காலத்தில், அரசு முகவர் ஒருவர் சுற்றுலாச் செல்வார்போல் ஒருவர் இல்லத்திற்குச் சென்றார். முதல் உலகப் போரில் இருவரும் ஒரே படைப்பிரிவில் இருந்தமையை எடுத்துரைத்து நட்பாடினார். மது வேண்டுமென்று பன்முறை கேட்டார். மறுத்துவந்தவர் இறுதியில் அரைக் காலன் விஸ்கியினைக் கொணர்ந்து 5 டாலருக்குக் கொடுத்துக் குற்றவாளியானார். 1932-இல் சோரெல்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், இவ்வாறு சிக்கவைக்கப்பட்டவர் அதனைத் தம் எதிர்வாதமாகக் கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. 1958-இல் ஷெர்மன் வழக்கில், போதைப் பழக்கத்தினின்று மீள ஒரே மருத்துவரிடம் சென்ற இருவருள் ஒருவர் காவலரின் உளவாளியாக இருந்து, தாம் துன்புறுவதாகக் கூறி மற்றவரைப் பலமுறை இரந்து போதைப்பொருள் பெற்றார். அத்தண்டனையினையும் அந்நீதிமன்றம் நீக்கியது.

இவ்வழக்குகளில் நீதிபதிகள் இருவகையாகப் பிரிந்தனர். பெரும்பான்மையோர், அகப்பட்டவன் மனத்தில் குற்ற நாட்டம் முன்னரே இருந்ததா என்று நோக்கினர். பிராங்பர்ட்டர் முதலாயினோர், அகப்பட்டவன் மனத்தை விடுத்து, அரசின் செயல் தகுதியுடையதா என்பதனை நோக்குக என்றனர். நாம் மேலே கண்ட வேறுபாடே இது. உபதையால் ஆராயப்படுவது வினையாளனின் மனவியல்பு என்பது பரிமேலழகர் நோக்கு. அரசன் செய்யத்தகாதது இன்னது என்பது கௌடலியர் விலக்கின் நோக்கு.

1992-இல் ஜேக்கப்சன் வழக்கில், சட்டம் விலக்கிய வெளியீடுகளை வாங்குமாறு அரசு அமைப்புகள் பொய்யான கழகங்களின் பெயரால் 26 திங்கள் ஒருவர்க்கு மடல் விடுத்தமை ஆராயப்பட்டது. அத்துணை நாள் விடுத்த மடல்கட்குப் பின் தோன்றிய விருப்பம், மடல்கட்கு முன்னரே இருந்தது என அரசு மெய்ப்பிக்கவில்லை என ஐவர் கூற, நால்வர் மறுத்தனர். சோதனையே விருப்பத்தைத் தோற்றுவித்திருக்கலாம் என்னும் ஐயமே தீர்ப்பினை முடிவுசெய்தது. இங்கிலாந்தில் பிரபுக்கள் அவை 2001-இல் லூஸ்லி வழக்கில், குடிமக்களைக் குற்றத்திற்கு ஈர்த்துப் பின் அதன்பொருட்டு அவரையே வழக்காடுதல் நீதிமுறையினைத் தவறாகப் பயன்படுத்துதலாம் எனக்கொண்டு, அத்தகு வழக்கினை நிறுத்திவைத்தலே தக்கது என்றது. இயல்பான வாய்ப்பினை மட்டும் அளித்தாரா, அதற்குமேற் சென்றாரா என்பதும், முன்னர் ஐயத்திற்கு இடமிருந்ததா என்பதும் அத்தீர்ப்பு வைத்த அளவுகோல்கள்.

இந்தியாவில் இலஞ்சப் பொறி

நம் நாட்டில் பொறி என்பது பெரும்பாலும் இலஞ்ச வழக்குகளில் வைக்கப்படுவது. அலுவலர் பணம் கேட்டார் என்று ஒருவர் முறையிட்டபின், பினாப்தலீன் பொடி தடவிய பணத்தாள்கள் அவரிடம் கொடுக்கப்படும். அலுவலர் அவற்றைப் பெற்றபின், அவர்தம் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைத்த நீரிற் கழுவினால் நீர் இளஞ்சிவப்பாகும். அன்று அடையாளமிட்ட பொருள். இன்று பொடி தடவிய தாள்.

இலஞ்சமும் போதைப்பொருள் வாணிகமும் கொடுப்போர் கொள்வோர் இருவரும் மறைக்கும் குற்றங்கள் ஆதலின், பொறியின்றி அவற்றை வெளிப்படுத்தல் அரிது என்னும் வாதத்தில் உண்மை உண்டு. அதனை ஏற்றே உச்சநீதிமன்றம் எல்லை வகுத்தது. 1954-இல் ராவ் சிவபகதூர் சிங் வழக்கில், இலஞ்சப் பணத்தினைத் தேடிக்கொள்ள இயலாதவர்க்குக் காவலரே அதனை அளித்து இலஞ்சத்தை நிகழ்வித்தலை அது கண்டித்தது; குற்றத்தைத் தடுத்தலே காவலர் கடன், குற்றக் கருவியினை வழங்குதல் அன்று என்பது அதன் கருத்து. 1956-இல் ராம்ஜனம் சிங் வழக்கில், ஒருவன் இயல்பு எத்தகையதாயினும், அவன் தாங்கும் வலிமைக்கு மேற்படச் சட்டக் காவலரே அவனைத் தூண்டார் என எதிர்பார்த்தற்கு அவனுக்கு உரிமை உண்டு என்று கூறியது. கைநீர் சிவந்தது மட்டும் போதாது. பணம் கேட்டமையும் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பதனை 2014-இல் ஜெயராஜ் வழக்கு வற்புறுத்தியது. 2022-இல் நீரஜ் தத்தா வழக்கில் ஐவர் அமர்ந்த ஆயம், முறையிட்டவர் சாட்சியம் கிட்டாதவிடத்துச் சூழ்நிலைச் சான்றுகளாலும் அதனை மெய்ப்பிக்கலாம் என்றது. சிக்கவைத்தல் என்பது முழு எதிர்வாதமாக நம் சட்டத்தில் இடம்பெறாத நிலையில், 'முதலிற் கேட்டவர் யார்' என்னும் இவ்வினாவே குடிமகனுக்கு உரிய காப்பாக நிற்கின்றது.

தனியார் வைக்கும் பொறியும் உண்டு. 2014-இல் ரஜத் பிரசாத் வழக்கில், இலஞ்சம் கொடுத்து அதனைப் படம்பிடித்தோர், பொதுநலன் கருதினோம் என்று கூறுவதனாலேயே தொடக்கத்தில் விடுவிக்கப்படார் என்றும், அவர்தம் நோக்கம் விசாரணையில் தெளியவேண்டுவது என்றும் உச்சநீதிமன்றம் கூறியது. 2018-இல் திருத்தப்பெற்ற ஊழல் தடுப்புச் சட்டம், அதிகாரிகட்கு முன்னரே அறிவித்து அவர்க்கு உதவுதற்பொருட்டுக் கொடுப்பவரைக் குற்றத்தினின்று விலக்குகின்றது.

வள்ளுவர் நெறி

இனி, வள்ளுவர் நூற்குள்ளேயே மீண்டு இதற்கு விடை தேடுவோம். ஒற்றாடல் என்னும் 59-ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் ஒற்றர்க்கு மாறுவேடத்தை உடன்படுகின்றார். துறந்தார் படிவமும் அவர்க்கு இழுக்கன்று. வினைசெய்வாரையும் சுற்றத்தாரையும் பகைவரையும் ஒற்றர் ஆராயவேண்டும். ஓர் ஒற்றன் கொணர்ந்ததனை மற்றோர் ஒற்றனால் ஒத்துநோக்கவேண்டும். தம்முள் அறியாத மூவர் சொல் ஒத்தவழியே அது தெளியப்படும். ஒற்றன்மேலும் ஐயம் வைக்கும் நூல் இது. ஆயினும் அதிகாரத்தின் பத்துக் குறள்களினும் ஒற்றன் செய்வன அறிதல், கேட்டல், ஆராய்தல் என்பனவே. தூண்டுதல், செய்வித்தல் என்பன இல்லை. அரசன் அறியவேண்டியன 'நிகழ்பவை', நிகழ்விக்கப்பட்டவை அல்ல.

தெரிந்துதெளிதலிலும், ஒருவனுடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவனவன் செயலே உரைகல் என்கின்றார் வள்ளுவர். குணத்தையும் குற்றத்தையும் நாடி மிக்கதனைக் கொள்க என்கின்றார். ஆராயாது தெளிதலும் தெளிந்தான்மாட்டு ஐயுறுதலும் நீங்காத் துன்பம் தரும் என அதிகாரத்தை முடிக்கின்றார். அதிகாரத்தின் முதற்குறளை உபதையாகக் கொண்டு உரைத்தல் பரிமேலழகர் புலமைக்கு ஏற்றதே. ஆனால், அதனைப் பின்வரும் குறள்களோடு இயைத்துக் காணுங்கால், நால்வகைத் திறமும் ஒருவன் வாழ்க்கையில் தாமே எதிர்ப்படும் இடங்களாகக் கொள்ளுதற்கும் இடமுண்டு என்பது நம் கருத்து. அறமும் பொருளும் இன்பமும் அச்சமும் எதிர்ப்பட்டபோது அவன் யாது செய்தான் என்பதனை ஒற்றர் கண்டு வந்து உரைத்தால், அதுவே அவன் உரைகல்லாம்.

உபதை என்றே கொள்வோமாயினும், கௌடலியர் விலக்கினையும் உடன்கொண்டே கொள்ளுதல் வேண்டும். அவ்வழிப் பொறிக்குரிய எல்லைகள் நான்காக வகுக்கத்தக்கன. பொறிக்கு முன்னரே ஐயத்திற்குரிய சான்று இருத்தல் வேண்டும். வைக்கும் இரை அவன் தொழிலில் இயல்பாக எதிர்ப்படும் அளவினதாதல் வேண்டும். கேட்டல் அவனிடமிருந்து பிறத்தல் வேண்டும். பிடிப்பவன் நாவிலிருந்து பிறத்தல் கூடாது. பொறியில் நிகழ்ந்த ஒன்றே சான்றாக நில்லாது, அதற்குப் புறத்தேயும் சான்று தேடப்படல் வேண்டும்.

இவற்றுள் ஒன்று குறையினும், அகப்பட்டவனை ஒறுக்கும் அரசு, தான் நஞ்சு கலந்த நீரினைத் தானே குற்றங்கூறும் நிலையினதாம். திருக்குறளுரை கற்பிக்கும் வகுப்புகளில் இக்குறளைப் பாடவேறுபாட்டின் அளவில் நிறுத்தாது, வடநூலின் இவ்விலக்கினையும் உடன்வைத்துக் கற்பித்தல் நன்று. காவற்பணிக்கும் நீதிப்பணிக்கும் செல்லவிருக்கும் மாணாக்கர் பலர் அவ்வகுப்புகளில் அமர்ந்துள்ளனர்.